அந்தப் பக்கக் கதவு முதலிலேயே இருந்ததா? ஒரு மலையகத் தேவாலயத்தைச் சுவடியிலும் கணினியிலும் படிப்பது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கருங்கல் வேதக்கோயில் ஒன்று இருக்கிறது. கேட்டவர் அந்தத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வளர்ந்தவர், இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறார். சுவடிகளைத் தேடிப் படித்து, கணினியில் முப்பரிமாண மாதிரி செய்து, அந்தக் கோயில் கட்டிய புதிதில் எப்படி இருந்தது என்று காட்ட ஆசைப்படுகிறார். போன் கமரா போதுமா, எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறார். ஆனால் உண்மையான கேள்வி கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. தோட்டத்து ஆட்கள் முன்வாசல் வழியாகப் போனதே இல்லை, பக்கத்திலிருக்கும் சின்னக் கதவால்தான் போவோம் என்று அவருடைய அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்வாராம். சபை மூத்தவர்கள் சிலரோ, அந்தக் கதவே முதலில் கிடையாது, அது ஜன்னலாக இருந்தது, பிறகுதான் உடைத்துக் கதவாக்கினார்கள் என்கிறார்களாம். இரண்டில் எது சரி, கட்டடத்தை வைத்தே அதைக் காட்ட முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்பது. மென்பொருள் அதற்கப்புறம் வரும் விஷயம்.

நான் நில அளவையாளராகப் பயிற்சி பெற்றவன். பதினெட்டு வருடமாக மலையகத்துப் பழைய கட்டடங்களை அளந்து வரைவதில் ஈடுபட்டிருக்கிறேன். பொறியியலாளர் இல்லை, திருச்சபை வரலாற்றில் பட்டம் பெற்றவனும் இல்லை. உங்கள் கோயிலை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே முடிவாக ஒன்றும் சொல்லமாட்டேன். எங்கே பார்க்கலாம், பார்த்ததில் எதை எவ்வளவு நம்பலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு கதவு சுவரோடு சேர்ந்து கட்டப்பட்டதா, பிறகு வெட்டப்பட்டதா என்பதைக் கல் சுவர் பெரும்பாலும் மறைக்காமல் காட்டிவிடும். அந்தக் கதவால் யார் போனார்கள், யாரைப் போகச் சொன்னார்கள் என்பதைச் சுவர் சொல்லாது. அதற்கு அம்மாயியின் வாக்கும் பதிவேடுகளும்தான். இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள். கதவு பிற்காலத்தது என்று தெரிந்தாலும் அம்மாயி சொன்னது பொய்யாகிவிடாது. அவர் சிறுமியாக இருந்தபோது அது ஏற்கெனவே கதவாகி இருந்திருக்கலாம்.

வாசல் பலகையில் 1870களில் ஒரு ஆண்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டாம். பதுளை புனித மாற்கு ஆலயத்தைப் பாருங்கள். பதுளையில் ஆட்சி அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1845 ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகத்தான் அந்த ஆலயம் எழுந்தது. உள்ளே நினைவுக்கல்லில் 1845 இருக்கும். ஆலயம் பிரதிஷ்டையானது 1857இல். இடையில் பன்னிரண்டு வருடம். இரண்டு ஆண்டுமே சரிதான், ஒவ்வொன்றும் வேறொன்றின் ஆண்டு, அவ்வளவுதான். நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயத்தைக் கொழும்பின் முதலாவது பேராயர் ஜேம்ஸ் சாப்மன் பிரதிஷ்டை செய்தது 1852இல். அங்கிலிக்கன் வழக்கத்தில் கட்டடத்தின் கடன் தீர்ந்த பிறகே பிரதிஷ்டை நடக்கும். பேராயர் மலையேறி வரவும் வேண்டும். ஆகவே பிரதிஷ்டை ஆண்டுக்கு முன்பே கூரை ஏறி, ஆராதனையும் நடந்திருக்கலாம். அடிக்கல் ஆண்டு, முதல் ஆராதனை ஆண்டு, பிரதிஷ்டை ஆண்டு, பெரிதாக்கிய ஆண்டு என்று நாலு கட்டம் போட்டு, ஆதாரம் கிடைத்த கட்டத்தை மட்டும் நிரப்புங்கள். வெறும் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.

இனிச் சுவடிகள். இதில் ஒரு ஆண்டு முக்கியம்: 1881. அதுவரை இலங்கையில் அங்கிலிக்கன் திருச்சபைக்கு அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருந்தது. 1881இல்தான் அந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தச் சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்கிக் கட்டியிருந்தால் கடிதமும் மதிப்பீடும், சில நேரம் வரைபடமும், கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கும் குடியேற்ற நாட்டுச் செயலாளரின் (அன்றைய ஆங்கில ஆட்சியின் தலைமைச் செயலாளர்) கடிதக் கட்டுகளில் தேடத்தக்கவை. துரைமாரே சந்தா போட்டுக் கட்டியிருந்தால் அங்கே தேடிப் பயனில்லை. அப்போது ஆலயத்தின் சொந்தக் கணக்குப் புத்தகம், கூட்டக் குறிப்பு, அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளின் சந்தாப் பட்டியல் இவைதான் வழி. உங்கள் கோயில் 1881க்கு முந்தியது என்றால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். காணி வரைபடத்துக்கு நில அளவைத் திணைக்களம். அதில் கட்டடத்தின் வெளிக்கோடு மட்டும் இருந்தாலும் போதும். பிற்காலத்தில் ஒரு பக்கம் நீண்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தமிழ் மக்கள் பக்கம் தேடுவதற்கு வேறு வழி. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டம் தோட்டமாகத் தமிழில் ஊழியம் செய்த அமைப்பு. பேர் இன்று காதுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும், தேடும்போது அந்தப் பேரில்தான் தேட வேண்டும். அதோடு சேர்ந்து வேலை செய்த சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. உங்கள் கோயிலில் தமிழ் ஆராதனை எப்போது தொடங்கியது என்பதற்கு அங்கேயும், ஆலயத்திலுள்ள ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளிலும் தடயம் கிடைக்கும். தமிழ்ப் பெயர்கள் பதிவேட்டில் தொடர்ந்து வர ஆரம்பிக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கக் கதவு பற்றிய உங்கள் கேள்விக்கு அந்த ஒரு ஆண்டு பத்து ஓவியத்தைவிடப் பெறுமதி. பதிவேட்டைக் குருவானவரின் அனுமதியோடு அங்கேயே வைத்துப் பாருங்கள். பெயர்களை இணையத்தில் போடாதீர்கள், அவர்களின் பிள்ளைகள் இன்னும் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள்.

கல்லறை வாசகங்களுக்குப் பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட தொகுப்பு கைகொடுக்கும். இன்று அழிந்துபோன வாசகங்கள் பல அதில் முழுதாக இருக்கின்றன. படங்களுக்கு ஸ்கோவன், ஸ்கீன், பிளாட்டே ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த மலையகக் காட்சிகளைப் பாருங்கள். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரெட் கமெரன் உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர், இறந்தது 1879இல். அவர் இங்கே எடுத்தவற்றில் தோட்டத்து மக்களின் முகங்கள்தான் உண்டு, கட்டடத்துக்கு அவரிடம் போக வேண்டாம். டிக்கோயாப் பக்கத்துப் படங்களுக்குக் காலம் கணிக்க ஒரு நல்ல அடையாளம் காசல்ரீ நீர்த்தேக்கம். அது 1965இல் வந்தது. வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டியது, இன்று அதன் கீழே தண்ணீர். அந்த மேட்டிலிருந்து எடுத்த படத்தில் கீழே தண்ணீர் இல்லாமல் பள்ளத்தாக்கு மட்டும் தெரிந்தால் படம் 1965க்கு முந்தியது. ஆட்களின் நினைவுக்கும் இதே அளவுகோலைப் பிடிக்கலாம். “எந்த வருசம் கதவு வெச்சாங்க?” என்று கேட்டால் பதில் வராது. “தண்ணி கட்டுறதுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேளுங்கள், உடனே வரும். நினைவு எது எங்கே இருந்தது என்பதைப் பிசகாமல் வைத்திருக்கும், ஆண்டைத்தான் கைவிட்டுவிடும்.

இன்னொரு இடம் பலருக்குத் தோன்றுவதில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறிய குடும்பங்களோடு ஆல்பங்களும் போய்விட்டன. நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் நம் சொந்தங்களிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணப் படம் எங்கே எடுப்பார்கள்? ஆலய வாசலில்தான்.

இதை நான் கற்றது ஒரு தவறில். ஊவாப் பக்கம் ஓர் ஆலயத்துக்குக் கட்டிய காலத்துத் தோற்றம் என்று ஒரு மாதிரி செய்துகொடுத்தேன். முன்வாசலில் நாலு தூண் வைத்த சின்ன முகப்பு மண்டபம், பார்க்க எவ்வளவு பொருத்தமாக இருந்தது! அதே கல், அதே சாயலில் வளைவு. முதலிலேயே கட்டியது என்று எடுத்துக்கொண்டேன். நினைவு மலரின் அட்டையில் என் படம் வந்தது. இரண்டு வருடம் கழித்துக் கோத்தகிரியிலிருந்து ஒருவர் தன் தாத்தாவின் கல்யாணப் படத்தை அனுப்பினார். மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள், பின்னால் வாசல், மண்டபம் இல்லை. அந்தத் திருமணத்தின் திகதி ஆலயப் பதிவேட்டில் இருந்தது. ஆகவே மண்டபம் அந்த நாளுக்குப் பிறகுதான் வந்தது, அதில் சந்தேகமே இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். மண்டபச் சுவர் ஆலயச் சுவரைத் தொடும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாகப் பொருத்து ஓடுகிறது. கல் ஒன்றுகூட ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகவில்லை. அந்த இடுக்கில் விரல் நகத்தால் சுரண்டினால் ஆலயச் சுவரின் பழைய வெள்ளையடிப்பு உள்ளே தொடர்ந்து போகிறது. வெள்ளையடித்து முடிந்த சுவரில் வந்து ஒட்டிய மண்டபம். ஆதாரம் நான் முதல் நாள் நின்ற இடத்தில், என் தோள் உயரத்தில் இருந்தது. மாதிரி செய்யும் அவசரத்தில் சுவரைப் பார்க்காமல் விட்டேன். அந்த மலரின் அட்டைப்படம் இன்றும் ஊரில் வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதைத் திருத்த எனக்கு வழியில்லை.

அன்றிலிருந்து நான் செய்யும் எந்த மாதிரியும் ஒரே நிறத்தில் இருக்காது. அளந்த பகுதி ஒரு நிறம், ஆவணத்தையோ படத்தையோ வைத்துச் செய்தது இன்னொன்று, அக்கம்பக்கத்து ஆலயங்களைப் பார்த்து ஊகித்தது மூன்றாவது, வெறும் கற்பனை நாலாவது. மரபுச் சின்னங்களைக் கணினியில் உருவாக்குவதற்கான இலண்டன் சாசனம் என்று ஒன்று உண்டு, 2006இல் முதலில் வந்து 2009இல் திருத்தமானது. பார்க்கிறவருக்கு எது ஆதாரம், எது ஊகம் என்று தெரிய வேண்டும், எப்படி அந்த முடிவுக்கு வந்தோம் என்று எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அழகான மாதிரி வேறு, நம்பத்தக்க மாதிரி வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

சரி, அளவெடுப்பு. முதல் நாள் கமராவைத் தொட வேண்டாம். மேசன் பாஸ்மார் வைத்திருக்கும் தண்ணீர் லெவல் டியூப் ஒன்றை இரவல் வாங்குங்கள். அந்த நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, கோயிலைச் சுற்றி ஒரே மட்டத்தில் சோக்கட்டியால் சின்னச் சின்னக் கோடு போட்டு வாருங்கள். சரிவான நிலத்தில் இந்த ஒரே மட்டம்தான் எல்லா உயரத்துக்கும் தாய். பிறகு டேப்பால் உள் நீளம், அகலம், முக்கியமாக மூலைக்கு மூலை குறுக்களவு. குறுக்களவு இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் கட்டடம் கோணலாக இருக்கிறது, அல்லது நீங்கள் பிழையாக அளந்திருக்கிறீர்கள். இரண்டுமே அறிய வேண்டியவை.

அளந்ததை மீற்றரில் எழுதி, வீட்டுக்கு வந்து அடிக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் எனக்கு இன்னமும் நெஞ்சு படபடக்கும். உள் அகலம் 7.31 மீற்றர் என்று எழுதியிருப்பீர்கள், அது 24 அடி. நீளம் 18.3 என்றால் 60 அடி. சுவர்த் தடிப்பு 61 சென்ரிமீற்றர் என்றால் இரண்டு அடி. கட்டியவர்கள் அடியில் யோசித்தார்கள், ஆகவே முதல் திட்டத்தின் அளவுகள் முழு எண்ணாக வந்து விழும். ஜன்னலுக்கு ஜன்னல் பத்து அடி, பத்து அடி, பத்து அடி என்று வந்து, ஓரிடத்தில் மட்டும் ஒன்பது அடி ஐந்து அங்குலம் என்று வந்தால் அங்கே நில்லுங்கள். ஏதோ நடந்திருக்கிறது. நீட்டியிருக்கலாம், இடித்துக் கட்டியிருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல முடியாது, சாந்து பூசும் தடிப்பே இரண்டு அங்குலம் விழுங்கும். ஆனால் எங்கே உற்றுப் பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

படம் எடுப்பது பற்றிச் சுருக்கமாக. போன் கமரா போதும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 60 முதல் 80 வீதம் ஒன்றுமேல் ஒன்று விழ வேண்டும். சூமைத் தொடாதீர்கள், வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். அளவுகோலாக நீளம் தெரிந்த ஒரு கட்டையைச் சுவரோரம் வைத்தே எடுங்கள், இல்லையென்றால் மாதிரி அழகாக வரும், அளவு வராது. மெல்லிய மூட்டம் உள்ள நாள் நல்லது, நிழல் விழாது. அடர்ந்த பனிமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் வீண். டிக்கோயாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. மழைக்காலத்தில் மேற்குச் சரிவில் சுவர் நனைந்து மினுங்கும், மென்பொருள் குழம்பும். கூரைக்கு ட்ரோன் வேண்டாம், அனுமதிக் கடிதங்களே ஒரு தனி வேலை. கோயிலுக்கு மேல் சரிவில் தேயிலை நிரைகளுக்கு நடுவே ஏறி நின்றால் பாதிக் கூரை தெரியும், மலையில் பிறந்த நமக்கு அது ஒரு வரப்பிரசாதம். வண்ணக் கண்ணாடி ஜன்னல் சரியாக வராது, தனியாக நேர்ப்படம் எடுத்து ஒட்டலாம். படங்களைச் சேர்த்து மாதிரியாக்க மெஷ்ரூம், அளவை ஒப்பிட கிளவுட்கம்பேர், இல்லாத பகுதியை வரைய பிளெண்டர்: மூன்று மென்பொருளும் இலவசம், போதும். மெஷ்ரூமுக்கு என்விடியா கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும், அதைப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். நீளமான சுவர் மாதிரியில் மெல்ல வளைந்து வரும், அது கணிப்பில் வரும் பிழை. டேப்பில் எடுத்த குறுக்களவோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

பொருள்களையும் காலத்தோடு வைத்துப் பாருங்கள். ரயில் நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்தது, ஹட்டனுக்கு 1884இல். அதற்கு முன் டிக்கோயாவுக்கு மாட்டுவண்டிதான். அந்த நாளில் கட்டியவர்கள் கல்லையும் மரத்தையும் பக்கத்திலேயே எடுத்தார்கள், தூரத்திலிருந்து வந்தது ஆணியும் கண்ணாடியும் போன்ற அவசியமானவை மட்டுமே. உங்கள் கோயிலில் சுண்ணாம்புச் சாந்தும் சீமெந்தும் இரண்டும் இருந்தால், சீமெந்து பிந்திய கையின் அடையாளமாக இருக்கும். கூரைத் தகரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது பல தடவை மாறியிருக்கும். உள்ளே கைமரங்களில் பழைய ஆணித் துளைகள் எந்த இடைவெளியில் இருக்கின்றன என்று பாருங்கள். இன்றைய சலாகைகளோடு (கைமரத்தின் மேல் குறுக்கே அடிக்கும் சட்டங்கள்) பொருந்தாத நெருக்கமான துளை வரிசை இருந்தால், முதலில் மரப்பலகை ஓடு வேய்ந்திருக்க நல்ல வாய்ப்பு.

ஆவணத்தில் “வடக்குச் சுவர்” என்று இருந்தால் திசைகாட்டியை எடுக்காதீர்கள். பீடம் இருக்கும் பக்கத்தைக் கிழக்கு என்று வைத்துக்கொண்டுதான் ஆலயத்தின் மற்றத் திசைகளைச் சொல்வார்கள். மலையில் இடம் கிடைத்த பக்கம் பார்த்துக் கட்டியதால் உண்மைக் கிழக்கு வேறு எங்காவது இருக்கும். இதைத் தெரியாமல் எதிர்ச் சுவரில் கதவைத் தேடியவர்கள் உண்டு.

இப்போது உங்கள் கதவு. வெளியே நின்று, முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை கதவோரக் கற்களைப் பாருங்கள். மற்ற ஜன்னல்களின் அடிமட்டத்தைச் சோக்கட்டிக் கோட்டிலிருந்து அளந்து, அந்த உயரத்தைக் கதவின் இரு பக்கத்திலும் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னலை உடைத்துக் கதவாக்கியிருந்தால் அந்தக் கோட்டுக்கு மேலே கற்கள் ஒரு மாதிரி, கீழே வேறு மாதிரி இருக்கும். மேலே உளித் தடம் ஒழுங்காக, ஒரு நீளம் ஒரு குட்டை என்று மாறி மாறிச் சுவருக்குள் பின்னிப் போகும். கீழே வெட்டிய முகம், இடைவெளியை நிரப்பிய சிறு கல், சாந்து. அடியில் சுவர் சற்று வெளியே துருத்தி ஓடும் கல் வரிசை இருக்குமே, அது கதவண்டை வந்து எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள். அழகாக மூலை திருப்பி முடித்திருந்தால் கட்டும்போதே அங்கே கதவு உண்டு. பச்சையாக உடைத்த முனை தெரிந்தால் பிறகு வெட்டியது. மேலே வளைவின் அகலத்தையும் பக்கத்து ஜன்னல் வளைவின் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். அங்குலம் பிசகாமல் ஒன்றாக இருந்தால் மூத்தவர்கள் பக்கம் நியாயம் கூடுகிறது. வேறாக இருந்தால் அம்மாயி பக்கம். வாசற்படிக் கல் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தால் அது நிறையப் பேர் மிதித்ததற்குச் சாட்சி, எப்போதிலிருந்து என்பதற்குச் சாட்சி இல்லை. வேறு வாசலிலிருந்து கொண்டுவந்து போட்ட படியாகவும் இருக்கலாம்.

இதை இந்த வருடமே செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தானாகவே பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முந்திய சின்னங்களைத்தான். கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. மலையகத் தேவாலயங்கள் அதற்குப் பின் வந்தவை. வர்த்தமானியில் தனியாக அறிவித்தால் ஒழிய அவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. நல்ல மனதோடு யாராவது அந்தச் சுவருக்குச் சீமெந்து பூசிவிட்டால் நான் மேலே சொன்ன அத்தனையும் ஒரே நாளில் மூடிப்போகும். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சு ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும். குருவானவரிடம் இதை மட்டும் முதலில் சொல்லிவையுங்கள்.

அந்தக் கதவின் இரு பக்கக் கற்களையும் படமெடுத்து, கேள்வி கேட்ட இதே இடத்தில் போடுங்கள். வெயில் சுவரோடு சாய்ந்து விழும் நேரம் பார்த்து, முப்பது சென்ரிமீற்றர் அளவுகோல் ஒன்றைக் கல்லோடு சேர்த்து வைத்து, தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை. பக்கத்து ஜன்னல் ஒன்றையும் அதே தூரத்தில் நின்று எடுங்கள். அம்மாயியை அந்தக் கதவண்டை கூட்டிப்போக முடிந்தால், எங்கே செருப்பைக் கழற்றினார்கள், உள்ளே போய் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று அவரையே நடந்து காட்டச் சொல்லி, போனில் பதிந்துகொள்ளுங்கள்.